டீசல் இருக்கா?

நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் "டீசல் இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு அரசாங்கம் ஒரு வரி போட வேண்டும். பெரிய தொகை வேண்டாம், ஒரு கேள்விக்கு 5 ரூபாய் போதும். சமீபத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் வசூலித்திருந்தால் மாநிலத்தின் கடனில் ஒரு பகுதி அடைந்திருக்கும்.

முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழி. மேம்பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியதும் வண்டி ஒரு தரம் விக்கியது. அப்புறம் இன்னொரு தரம். அப்புறம் பேச்சு மூச்சில்லை. செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்டயருக்குக் கல் வைக்க இறங்கினேன். கல்லைக் கீழே வைப்பதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதில் இருந்தவர் வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை.

"டீசல் இருக்காண்ணே?"

பதிலுக்கும் நிற்கவில்லை. போய்விட்டார்.

வயதான பிக்கப் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏன் நிற்கிறது, நின்ற வண்டி பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஏன் கிளம்புகிறது, இதை எப்படிக் கண்டுபிடிப்பது, என் வண்டியில் கடைசியில் என்னதான் கோளாறு என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஸ்கூட்டர்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன்.

அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நீங்களும் கேட்பவர்தான், இல்லை என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பானட் திறந்திருந்தால் அதைக் கடந்து போகிற யாருக்கும் வாய் சும்மா இருப்பதில்லை. என் வருத்தம் அந்தக் கேள்விக்குள் இருக்கிற முடிவைப் பற்றியது. அதாவது, இந்த ஆள் வண்டி ஓட்டத் தெரிந்தவன், லைசென்ஸ் வைத்திருக்கிறான், முருங்கையைக் கட்டுக் கட்டாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டத் தெரிந்திருக்கிறது, ஆனால் வண்டிக்கு டீசல் ஊற்ற வேண்டும் என்கிற விஷயம் மட்டும் இவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்கூட்டர்காரருக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்தது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். அரசாங்க நேரத்தில், என் பொருட்டு விசிலை எடுத்தார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். பஸ் போனதும் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எண்ணெ தீந்துபோச்சா கண்ணு?" என்றார். எல்லோரும் கேட்டதில் அவர் கேட்டதுதான் மரியாதையாக இருந்தது. "இல்லம்மா, இருக்கு" என்றேன். "இருந்தா ஓடுமே" என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு போனார். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. மெக்கானிக்கிடமும் கிடையாது.

அப்புறம் நம்பாதவர் வந்தார். இவர் தனி ரகம். "டீசல் இருக்கா?" என்றார். "இருக்கு." "பாத்தீங்களா?" "பார்த்தேன்." "எவ்வளவு?" "பாதிக்கு மேல." அவர் தலையை ஆட்டிவிட்டு நேராக டேங்க் பக்கம் போய், மூடியைத் திறந்து, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் உள்ளே பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு வண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். உள்ளே தளக் தளக் என்று சத்தம் கேட்டது. "இருக்கு" என்று என்னிடமே தீர்ப்புச் சொன்னார். மூடியைப் போடாமல் போய்விட்டார்.

போலீஸ்காரர் கேட்கவே இல்லை. அவர் கேள்வியைத் தாண்டிய நிலையில் இருந்தார். "டீசல் போடாம ஏன்யா பாலத்துல ஏத்துற?" என்றார். மண்டிக்குப் போன் போட்டு வர நேரமாகும் என்றேன். "டீசல் இல்லன்னா காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். வீட்டுக்குப் போன் போட்டேன். "ஏங்க, டீசல் போட்டீங்களா?" என்று கேட்ட தொனியில் டீசல் மட்டும் இல்லை, கேஸ் புக் பண்ண மறந்தது, மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தது, என் தம்பிக்குக் கொடுத்து வராமல் போன பணம், எல்லாம் இருந்தன.

ஒரே ஒருவர்தான் கேட்காமல் இருந்தார். வைக்கோல் ஏற்றிய லாரியின் டிரைவர். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "ஏர் எடுத்தாச்சா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. படித்த மனிதர்!

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. அது வியாழக்கிழமை நடந்ததில்லை, முன்னால் ஒரு தரம். பங்க்கில் டேங்க் நிரப்பி, பணம் கொடுத்து, பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஒரு வண்டி நீளம் நகர்ந்திருக்கும், நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் இருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நான் டீசல் நிரப்பியதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தவர். மீட்டரில் எண் ஓடி நின்றதைப் பார்த்தவர். என் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற பரிவோடு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். என்ன கேட்டார் என்று எழுதப் போவதில்லை.

இப்போது நான் தயார் நிலையில்தான் வண்டி எடுக்கிறேன். டேஷ்போர்டில் டீசல் முள் என்னோடு பேசுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. டேங்கில் எவ்வளவு இருந்தாலும் அது காலி என்றே காட்டும். உள்ளே இருக்கிற மிதவை ஒட்டிக்கொண்டுவிட்டது என்கிறார்கள். அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறேன், கத்தியால் கோடு போட்டு. யாராவது நெருங்கி வருவதைப் பார்த்தால் அவர் வாயைத் திறப்பதற்குள் குச்சியை டேங்கில் விட்டெடுத்து, நனைந்த இடத்தைக் காட்டிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிக்குக் கீழே டீசலை இறங்க விடுவதில்லை. லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய காலத்தில், நடுரோட்டில் மானம் போகக் கூடாது என்பதற்காக டேங்கைத் ததும்ப வைத்திருக்கிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

டீசல் எஞ்சினைச் செய்த ருடால்ஃப் டீசலுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் எஞ்சினை ஓட்டிக் காட்டியவர், 1913 செப்டம்பர் 29 இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்கு ட்ரெஸ்டன் என்ற கப்பலில் போனார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவர் காலையில் அறையில் இல்லை, கப்பலிலேயே இல்லை. பத்து நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. அன்று காலை அறைக் கதவைத் தட்டியவர்கள் முதலில் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் ஓடியது நீராவியில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. காற்றை 18, 20ல் ஒரு பங்காக நசுக்கினால் அது பழுக்கச் சூடாகிறது. அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஓடுகிற எஞ்சின் பாதியில் நின்றால் டீசல் வந்து சேரவில்லை என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ரோட்டில் போகிறவர்கள் அந்த மட்டில் சரி. ஆனால் டேங்கில் இருப்பது வேறு, அதைப் பீச்சுகிற நாசிலுக்கு வருவது வேறு. ரேஷன் கடையில் சர்க்கரை இருக்கிறது என்பதும் நம் கார்டுக்குச் சர்க்கரை கிடைத்தது என்பதும் ஒன்றா? "டீசல் போகுதா?" என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கேட்டிருந்தால் அவரைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

டீசல் போகாமல் இருக்க ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன. இதில் மோசமானது காற்று. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிற பைப்பில் டீசலை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சுகிற பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். பம்பைத் தாண்டினால் நேர்மாறு, அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே பீறிடும், குழந்தைக்கும் தெரியும். ஆக, ஈரமாக இருக்கிற பைப் யோக்கியன். என்ன தப்பு என்று காட்டிக்கொடுக்கிறது. காய்ந்து சுத்தமாக, கை வைத்தால் ஒட்டாமல் இருக்கிறதே, அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எனக்கு இதில் வண்டியைத் தாண்டியும் சில பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள், வேண்டாம்.

உள்ளே போன காற்று ஒரு குமிழியாகப் பம்புக்குள் போகிறது. நாசில் திறக்கக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். பம்ப் அழுத்துகிறது, குமிழி நசுங்கிக்கொடுக்கிறது, நாசில் திறப்பதில்லை. வண்டி விக்குகிறது, நிற்கிறது. ஏர் எடுக்கிற போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று வெறும் டீசல் வருகிறவரை விட்டு இறுக்கினால் மறுபடி ஓடும், அடுத்த குமிழி வருகிற வரைக்கும். கட்டைவிரல் தேய்ந்தவர்களுக்கு இது தெரியும்.

எங்கள் மெக்கானிக் தம்பி நல்லவர். கெட்டிக்காரரும்கூட. அவருடைய ஒரே குறை, அவர் எதிரில் என் வண்டி நிற்பதில்லை. காலையிலிருந்து மதியம்வரை அவர் ஷெட் வாசலில் ஐடிலிங்கில் ஓடவிட்டிருக்கிறோம். என்ன ஒரு ஒழுக்கம், என்ன ஒரு சீரான சத்தம்! பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு வருகிற பெண்கூட அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை. "ஒண்ணும் இல்லையேண்ணே" என்பார். கிளம்பி, அவர் ஷெட் கண்ணாடியில் மறைந்ததும் விக்கும். எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோதும் அப்படித்தான். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. ஒரு தரம்கூட அங்கே நின்றதில்லை. பிரேக் பார்த்தார்கள், லைட் பார்த்தார்கள், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார்கள். வண்டி தகுதியானது என்று காகிதம் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் பாலத்தில் நின்றேன்.

கண்ணால் பார்க்காத நோய்க்கு வைத்தியம் எப்படி நடக்கும்? "மாத்திப் பாப்போம்ணே" என்று நடக்கும். இந்த இரண்டு வார்த்தையில் என் முருங்கைக் காசு எவ்வளவு கரைந்தது என்று கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. முதலில் ஃபில்டர். ஃபில்டர் மாற்றுவதில் தப்பில்லை. அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில்தான் காட்டும், எஞ்சின் அதிகம் கேட்கிறபோது அதற்குத் தர முடியாது. மாற்றினோம். இரண்டு வாரம் ஓடியது. எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். நின்றது. பிறகு செம்பு வாஷர்கள். அப்புறம் ஃபீட் பம்ப். அப்புறம் ரப்பர் ஓஸ், கிளிப். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் ஓடும். வண்டிக்குப் புதுச்சாமான் ஆசை வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

நடுவில் சொலினாய்டு மேல் பழி விழுந்தது. சாவியைத் திருப்பி அணைத்தால் டீசலை அடைக்கிற சின்ன மின்சாரக் கதவு அது. சாவி போட்டிருக்கிற வரைக்கும் கரண்ட் வந்துகொண்டே இருந்தால்தான் திறந்திருக்கும். அதற்குப் போகிற ஒற்றை ஒயர் ஆடினால் போதும், பள்ளத்தில் இறங்கி ஏறுகிற ஒரு நொடியில் டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி அணைந்துவிடும். இது அழகான காரணம். மலிவான காரணமும்கூட. பேட்டரியிலிருந்து நேரே ஒரு ஒயர் இழுத்து மாட்டினோம். இது மட்டும்தான் என்று சத்தியம் செய்தார் தம்பி. அந்த ஒயர் இப்போதும் இருக்கிறது. சாவியை எடுத்தாலும் வண்டி நிற்காது, ஒயரைப் பிடுங்க வேண்டும். நிறுத்த நினைத்தால் நிற்காது, ஓட நினைத்தால் ஓடாது என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

திண்டுக்கல்லில் பம்ப் வேலை மட்டும் பார்க்கிற ஒரு கடைக்கும் போனேன். அங்கே தரை சுத்தமாக இருந்தது. மெக்கானிக் கடையில் தரை தெரிந்தாலே பில் பெரிதாக வரும். பெரியவர் ஒருவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்ப நிக்குது?" என்றார். ஏற்றத்தில், என்றேன். "நின்னா எவ்வளவு நேரம்?" பத்து நிமிஷம். "மூடியத் திறந்தா உஸ்ஸுனு காத்து இழுக்குதா?" சில நாள். "பம்பத் தொடாதீங்க. டேங்கப் பாருங்க" என்றார். காசு வாங்கவில்லை. பம்பைப் பிரித்துக் கேலிபரேஷன் போட்டுப் பணம் பார்த்திருக்கலாம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் வண்டி நிற்கிற ரோட்டில் இருப்பதில்லை.

அவர் சொன்னதன் பொருளைத் தம்பிதான் விளக்கினார். டேங்கிலிருந்து டீசல் எடுக்கிற அளவுக்குக் காற்று உள்ளே வர மூடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது மண்ணால் அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம், டீசல் வர மறுக்கும். நாம் மூடியைத் திறந்து "இருக்கிறதா" என்று பார்க்கிறோமே, அப்போதே சரியாகிவிடும். அந்த நம்பாதவர் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியதே, அவர் கைராசி என்றல்லவா நான் நினைத்தேன். இன்னொன்று, அடியில் சேர்ந்த கசடு. தண்ணீர் இறங்கி நின்றால் அதற்கும் டீசலுக்கும் நடுவில் பூஞ்சை வளர்ந்து கோழையாகிவிடும். அது மிதந்து வந்து உறிஞ்சுகிற வாயை மூடும். வண்டி நின்றதும் இழுப்பு விட்டுப்போய், மெதுவாகக் கீழே விழுந்துவிடும். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பும். தடயமே இருக்காது.

"இதக் கண்டுபிடிக்க ஒரே வழிதாண்ணே" என்றார் தம்பி. அஞ்சு லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, பக்கத்து சீட்டுக்கு மேலே கட்டி, ஒரு ஓஸைப் போட்டு, டேங்கையே ஒதுக்கிவிட்டு நேரே எஞ்சினுக்குக் கொடுத்தார். நடுவில் கண்ணாடி டியூப், குமிழி வருகிறதா என்று பார்க்க. சலைன் பாட்டில் மாட்டிய நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறினேன். பறந்தது. முழு லோடோடு இறங்கி ஏறினேன். பறந்தது. வாரம் முழுக்க ஓட்டினேன். எங்கேயும் நிற்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகப் போய் யாரிடமாவது சொல்லலாமா என்று இருந்தது.

கோளாறு டேங்கில் என்று உறுதியாகிவிட்டது. டேங்கில் மூடியா, கசடா, உள்ளே இருக்கிற பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததா என்பதுதான் பாக்கி. அதைத்தான் இங்கே சொல்வதாக இருந்தேன். டேங்கை இறக்கிக் கழுவினால் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் நிறுத்தினேன். தம்பி அடியில் படுத்து, விரலால் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"என்னண்ணே, கழுத்துவரைக்கும் இருக்கு?"

"ஆமா, நேத்துதான் நிரப்பினேன்."

"இத வச்சுக்கிட்டு எப்படி இறக்குறது? காலி பண்ணிட்டு வாங்க."

ஓட்டிக் காலி செய்யலாம் என்றால் டேங்கிலிருந்து எடுத்து ஓட்டினால் வண்டி நிற்கிறது. கேனில் ஊற்றி ஓட்டினால் டேங்க் குறையாது. டேங்கிலிருந்து கேனுக்கு உறிஞ்சி எடுத்து ஓட்டலாம். வாயில் டீசலோடு அதையும் இரண்டு நாள் செய்தேன், சோறு இறங்கவில்லை. மொத்தமாக வடித்து வைக்கப் பெரிய பேரல் வேண்டும். தோட்டத்தில் இருக்கிறது ஒன்று, ஆனால் அதில் போன மாதம்வரை பஞ்சகவ்யம் இருந்தது. கழுவித்தான் வைத்திருக்கிறேன். தம்பி உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள், அமாவாசை கழிந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.